ஒரு வாக்கியத்தில் எத்தனை 'விச்' போடலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் ஹூ, விச், தட் என்றே கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த ரிலேடிவ் கிளாஸ் விஷயத்தை, அதாவது ஒரு பெயரைப் பற்றி விவரம் சொல்ல ஹூ, விச், தட் போட்டு ஒட்டும் குட்டி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் தப்பு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

கேள்வி: டீச்சர், வணக்கம். நான் தண்டையார்பேட்டை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பார்ட்டிக்கு இப்படி மெயில் போட்டேன்: 'தி கன்டெய்னர் விச் தி டிரைவர் ஹூ யுவர் ஆபீஸ் சென்ட் ப்ராட் ஈஸ் டேமேஜ்டு.' எங்கள் மேனேஜர் மூன்று தடவை படித்துவிட்டு, 'எதுப்பா டேமேஜ் ஆச்சு, கன்டெய்னரா டிரைவரா'ன்னு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என்ன தப்பு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாக்கியத்தில் எத்தனை ரிலேடிவ் கிளாஸ் வரலாம் என்று கணக்கு இருக்கிறதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. 'ஹூ' இருக்கிற இடத்தில் 'ஹூம்' போட்டிருந்தால் இன்னும் முறையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் மேனேஜருக்குப் புரியாமல் போனதிலும் தப்பில்லை. எல்லார் முன்னாலும் கேட்டதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

நீங்கள் எழுத நினைத்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உங்கள் ஆபீஸ் அனுப்பிய டிரைவர் கொண்டுவந்த கன்டெய்னர் அடிபட்டிருக்கிறது.' எங்கேயாவது மூச்சு முட்டுகிறதா? இல்லை. ஆபீஸ் அனுப்பிய, டிரைவர் கொண்டுவந்த, கன்டெய்னர் அடிபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு பெயருக்கும் அதன் வினை பக்கத்திலேயே நிற்கிறது, ஒரு கணக்கு முடிந்த பிறகுதான் அடுத்த கணக்கு தொடங்குகிறது. தமிழில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்கிறோம், அதுதான் பெயரெச்சம். ஆங்கிலத்தில் பெயரை முதலில் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் விவரம் சொல்ல வேண்டும். நீங்கள் தமிழில் சுலபமாக ஓடிய ஒரு வாக்கியத்தை ஆங்கில வரிசைக்கு மாற்றினீர்கள், மாற்றியபோது பெயர்கள் மூன்றும் ஒரு பக்கம், வினைகள் மூன்றும் இன்னொரு பக்கம் போய்விட்டன. கன்டெய்னர், டிரைவர், ஆபீஸ். அப்புறம் சென்ட், ப்ராட், ஈஸ் டேமேஜ்டு.

இதை நீங்கள் தினமும் யார்டில் பார்க்கிறீர்கள். முதலில் இறக்கிய கன்டெய்னர் அடியில் இருக்கிறது, அதன்மேல் ஒன்று, அதற்கும் மேலே இன்னொன்று. அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கிற இரண்டையும் நகர்த்தியாக வேண்டும். படிக்கிறவர் தலைக்குள்ளும் இதேதான் நடக்கிறது. 'சென்ட்' வந்ததும் மேலே இருக்கிற ஆபீஸை எடுக்கிறார், 'ப்ராட்' வந்ததும் டிரைவரை எடுக்கிறார், 'ஈஸ் டேமேஜ்டு' வரும்போது அடியில் கிடப்பது என்ன என்று மறந்தே போயிருக்கிறார். உங்கள் மேனேஜர் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 1963இல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியும் உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் சேர்ந்து எழுதியபோதே, ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் சொருகிய வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் மனித நினைவு அதைத் தாங்காது என்பதைக் காட்டினார்கள். எலி, பூனை, நாய் என்று மூன்றை வரிசையாக நிறுத்திவிட்டு மூன்று வினைகளைக் கடைசியில் கொட்டுவார்கள், ஆங்கிலேயர்களுக்கே புரியாது. பின்னால் ஃபின்லாந்து மொழியியலாளர் ஃப்ரெட் கார்ல்சன் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் தேடிப் பார்த்து 2007இல் வெளியிட்டார். இப்படி நடுவில் சொருகுவது எழுத்தில் மூன்று அடுக்கோடு நின்றுவிடுகிறது, பேச்சில் இரண்டு அடுக்கே அபூர்வம். உங்கள் மெயிலில் இரண்டு அடுக்கு இருக்கிறது. எழுத்தில் அனுமதி உண்டு என்றாலும் வேலை அவசரத்தில் படிக்கிற ஒருவருக்கு அது அதிகம்தான்.

சரி, அப்படியானால் எத்தனை போடலாம்? நீங்கள் எண்ணிக்கையைக் கேட்டீர்கள், நான் இடத்தைச் சொல்கிறேன். இதைப் பாருங்கள். 'திஸ் ஈஸ் தி கேட் தட் ஏட் தி ஃபிஷ் தட் கேம் இன் தி போட் தட் லெஃப்ட் காசிமேடு அட் மிட்நைட்.' மூன்று ரிலேடிவ் கிளாஸ் இருக்கிறது, உங்கள் வாக்கியத்தைவிட ஒன்று கூட, ஆனாலும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பூனை, அது தின்ற மீன், மீன் வந்த படகு என்று ஒவ்வொன்றும் முந்தையதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது, பாதியில் தொங்கும் பெயர் எதுவும் இல்லை. இதைத் தமிழில் சொன்னால், 'நள்ளிரவில் காசிமேட்டிலிருந்து கிளம்பிய படகில் வந்த மீனைத் தின்ற பூனை இதுதான்.' அப்படியே தலைகீழ். நமக்குக் கடைசியில் வரும் பூனை அவர்களுக்கு முதலில் வருகிறது. என் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம், நீளமான தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் முதலில் கடைசிப் பெயரைத் தேடு, அங்கிருந்து பின்னோக்கி வா என்று சொல்வேன். ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

ஆக ஆங்கிலம் வால் பக்கம் எவ்வளவு நீண்டாலும் தாங்கும், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நீண்டால் தாங்காது. உங்கள் மெயிலை இப்படித் திருப்புங்கள்: 'வீ ஃபவுண்ட் டேமேஜ் ஆன் தி கன்டெய்னர் தட் வாஸ் ப்ராட் பை தி டிரைவர் யுவர் ஆபீஸ் சென்ட்.' அதே விஷயம்தான், அதே இரண்டு கிளாஸ்தான், ஆனால் கன்டெய்னரை வாக்கியத்தின் பின்பாதிக்குக் கொண்டுபோய்விட்டோம். இன்னும் சுருக்க வேண்டுமென்றால் 'தி கன்டெய்னர் ப்ராட் பை யுவர் டிரைவர் ஈஸ் டேமேஜ்டு' போதும். அது உங்கள் ஆபீஸ் டிரைவர் என்று அவர்களுக்கே தெரியுமே, ஏன் ஒரு 'ஹூம்' செலவு செய்ய வேண்டும்?

மேலே 'தி டிரைவர் யுவர் ஆபீஸ் சென்ட்' என்று எழுதியபோது 'ஹூம்' காணாமல் போயிருக்கிறது, கவனித்தீர்களா? அனுப்பப்பட்டவர் டிரைவர், அதாவது அவர் அங்கே செயப்படுபொருள், அதனால் விடலாம். டிரைவரே எழுவாயாக இருந்தால் விடக்கூடாது. 'தி டிரைவர் கேம் யெஸ்டர்டே ஈஸ் சிக்' என்று எழுதுகிறார்கள், நேற்று வந்த டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்ற தமிழ் மனதில் ஓடுவதால் வருகிற தப்பு இது. 'தி டிரைவர் ஹூ கேம் யெஸ்டர்டே' என்றுதான் எழுத வேண்டும்.

வாலில் போடும்போது ஓர் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'விச்' வந்தால் படிக்கிறவர் அதைப் பெரும்பாலும் அதற்கு முன்னால் நிற்கிற பெயரோடுதான் ஒட்டுவார். 'தி கன்டெய்னர் ஆன் தி டிரெய்லர் விச் வாஸ் சீல்டு இன் மாதவரம்' என்று எழுதினால் டிரெய்லருக்கு சீல் வைத்த மாதிரி ஆகிவிடும். 'தி கன்டெய்னர் சீல்டு இன் மாதவரம் ஈஸ் ஆன் தி டிரெய்லர் தட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்று பிரித்து வையுங்கள். ஒன்று மனிதர், ஒன்று பொருள் என்றால் ஹூவும் விச்சும் தாமாகவே ஆளைப் பிரித்துக்கொள்ளும். இரண்டும் மனிதர் என்றால்தான் தொல்லை. 'தி சன் ஆஃப் தி போட்மேன் ஹூ லிவ்ஸ் இன் காசிமேடு' என்றால் காசிமேட்டில் இருப்பது மகனா, படகுக்காரரா? தமிழிலும் 'காசிமேட்டில் இருக்கிற படகுக்காரரின் மகன்' என்றால் இதே குழப்பம்தான். மகனைச் சொல்ல வேண்டுமென்றால் 'தி போட்மேன்ஸ் சன் ஹூ லிவ்ஸ் இன் காசிமேடு'. அப்பாவைச் சொல்ல வேண்டுமென்றால் 'தி சன் ஆஃப் எ காசிமேடு போட்மேன்'. ஒரு கிளாஸே மிச்சம்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுகிறாள், ஆனால் எல்லாம் நாலு வார்த்தை, அஞ்சு வார்த்தை வாக்கியம். 'குழந்தை எழுதுற மாதிரி இருக்கு'ன்னு அவங்க மிஸ் மார்க் குறைக்கிறாங்க. தப்பே இல்லாதப்போ ஏன் குறைக்கணும்? நான் மீன் விற்கிறவள், எனக்கு இதைப் போய்க் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பையன்தான் எழுதித் தந்தான்.
– வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, மிக முக்கியமான கேள்வி. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் கட்டுரைகளை எடுத்து ரிலேடிவ் கிளாஸ்களை எண்ணிப் பார்த்தார். சீன, ஜப்பானிய மாணவர்கள் செய்த தப்பு குறைவு, பாரசீக, அரபு மாணவர்கள் செய்த தப்பு அதிகம். அதை மட்டும் பார்த்தால் சீன, ஜப்பானிய மாணவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். ஆனால் அவர்கள் அந்த மாதிரி வாக்கியங்களையே மிகக் குறைவாகத்தான் எழுதியிருந்தார்கள், கஷ்டமான இடத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போயிருந்தார்கள். சீனத்திலும் ஜப்பானிய மொழியிலும் விவரம் முன்னால், பெயர் பின்னால். நம் தமிழிலும் அப்படித்தான். உங்கள் மகளும் ஒதுங்கித்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். அவள் விடைத்தாளில் சிவப்பு மை இல்லாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். மார்க்கைக் குறைத்துவிட்டு அதோடு நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் குறைந்தது, எப்படி ஏறலாம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மகளிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் வகுப்பில் பெயரெச்சம் படித்திருப்பாள். நன்னூல் அதை ஆறு வகைப் பெயரோடு சேர்க்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். 'சமைத்த' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமைத்த அக்கா, சமைத்த சட்டி, சமைத்த வீடு, சமைத்த நாள், சமைத்த குழம்பு என்று போய்க்கொண்டே இருக்கலாம், 'சமைத்த' மாறவே மாறாது. அக்கா சமைத்தாள், சட்டியில் சமைத்தாள், குழம்பைச் சமைத்தாள் என்ற வேற்றுமையெல்லாம் நாமே புரிந்துகொள்கிறோம், யாரும் சட்டியைச் சமைத்ததாக நினைப்பதில்லை. ஆங்கிலம் அந்த 'இல்'லையும் 'ஐ'யையும் கணக்குக் கேட்கும். 'தி சிஸ்டர் ஹூ குக்ட்', 'தி பாட் இன் விச் ஷீ குக்ட்', 'தி ஹவுஸ் வேர் ஷீ குக்ட்', 'தி டே வென் ஷீ குக்ட்', 'தி கறி விச் ஷீ குக்ட்'. 'இன்' போடாமல் 'தி பாட் விச் ஷீ குக்ட்' என்று எழுதினால் சட்டியையே சமைத்ததாகிவிடும். 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்', 'தி நைஃப் விச் ஐ கட் தி ஃபிஷ்' என்று நம் பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். முதலாவதில் 'இன்', இரண்டாவதில் 'வித்' காணோம். முன்னால் 'இன் விச்', 'வித் விச்' என்று வைக்கலாம், இல்லையென்றால் 'தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்' என்று கடைசியில் விடலாம், இரண்டும் சரி. முன்னால் வைத்தால் எழுத்து நடை, கடைசியில் விட்டால் பேச்சு நடை.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம் அம்மா. சாயங்காலம் நீங்கள் கடையைப் பற்றிச் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். முதலில் தமிழில்: 'விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தை மத்தியானத்துக்குள் வாங்கிப்போன டாக்டரம்மா.' அதில் கடைசிப் பெயர் டாக்டரம்மா, ஆகவே அங்கே தொடங்கி, 'தி டாக்டர் ஹூ பாட் தி சீர் ஃபிஷ் தட் மை மதர் காட் அட் தி ஆக்ஷன்'. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம். தப்பு வரட்டும். இத்தனை நாள் தப்பே வராமல் இருந்ததுதான் எனக்குக் கவலை.

அப்புறம், எல்லா வாக்கியத்தையும் நீட்டச் சொல்லாதீர்கள். இரண்டு நீளம், ஒரு குட்டை என்று வந்தால் படிக்க நன்றாக இருக்கும்.

கேள்வி: ஒரே பெயருக்கு இரண்டு 'விச்' வந்தால் நடுவில் 'அண்ட்' வேண்டுமா? கமா எப்போது? கல்லூரியில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இரண்டும் அந்த ஒரே பெயரைப் பற்றித் தனித்தனியாகப் பேசினால் 'அண்ட்' போடுங்கள். 'ராயபுரம் ஸ்டேஷன், விச் ஓப்பன்ட் இன் 1856 அண்ட் ஃப்ரம் விச் சவுத் இந்தியாஸ் ஃபர்ஸ்ட் பாசஞ்சர் டிரெயின் லெஃப்ட், ஸ்டில் ஸ்டாண்ட்ஸ்.' தமிழில் இரண்டில் ஒன்றை வினையெச்சமாக்கி 'ராயபுரத்தில் வசித்து ஹார்பரில் வேலை செய்யும் பெண்' என்று ஒட்டிவிடுவோம், ஆங்கிலத்தில் அந்த வேலையை 'அண்ட்' செய்கிறது. முன்னால் ஒரு 'விச்' இல்லாமல் திடீரென்று 'அண்ட் விச்' என்று தொடங்காதீர்கள், 'எ ஸ்டேஷன் பில்ட் லாங் அகோ அண்ட் விச் ஐ லவ்' என்பது ஒரு கால் செருப்போடு நடப்பது மாதிரி இருக்கும்.

முதல் கிளாஸ் ஒரு கூட்டத்தைப் பொறுக்கி, இரண்டாவது அதற்குள்ளிருந்து மறுபடி பொறுக்கினால் 'அண்ட்' வேண்டாம். 'தி ஒன்லி டீ ஸ்டால் தட் ஐ நோ விச் ஸ்டேஸ் ஓப்பன் ஆஃப்டர் மிட்நைட்.' எனக்குத் தெரிந்த கடைகள், அவற்றில் நள்ளிரவுக்கு மேல் திறந்திருப்பது. ஒன்றில் 'தட்', ஒன்றில் 'விச்' என்று மாற்றிப் போட்டால் காதுக்கு நன்றாக இருக்கும்.

கமாவுக்கு வருகிறேன். 'மை பிரதர் ஹூ வொர்க்ஸ் இன் தி ஹார்பர்' என்று கமா இல்லாமல் எழுதினால் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அதில் ஹார்பரில் வேலை செய்பவர் என்று அர்த்தம். 'மை பிரதர், ஹூ வொர்க்ஸ் இன் தி ஹார்பர்,' என்றால் இருப்பதே ஒரு சகோதரர், வேலை கூடுதல் தகவல். தமிழில் இந்த வித்தியாசத்தை எழுத்து காட்டுவதில்லை, அதனால்தான் நமக்கு இது வழுக்குகிறது. கமா ஒன்று திறந்தால் இன்னொன்றால் மூடுங்கள், மூடாமல் விடுவதுதான் நான் அதிகம் திருத்துகிற தப்பு. கூடுதல் தகவலுக்கு 'தட்' போடக்கூடாது. கமா இல்லாத இடத்தில் 'தட்' மட்டும்தான் வர வேண்டும் என்று சிலர் சொல்வதற்குக் காரணம், ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் அந்தப் பிரிவினையை விரும்பினார், அமெரிக்கப் பதிப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் எழுத்தில் இரண்டும் தாராளமாக வரும். உங்கள் பேராசிரியர் எதைக் கேட்கிறாரோ அதையே எழுதுங்கள்.

கேள்வி: 'தி மேன் ஹூம் ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே' – இதில் 'ஹிம்' ஏன் தப்பு?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: 'ஹூம்' என்பதே அந்த 'ஹிம்'தான், முன்னால் நகர்ந்து வந்திருக்கிறது. இரண்டு தடவை ஒரே ஆளைச் சொல்ல வேண்டாம். தமிழில் 'யாரை நேற்றுப் பார்த்தேனோ அவர்' என்று யாருக்கு ஒரு அவர் ஜோடி சேர்ப்போம், அந்தப் பழக்கம் உள்ளே புகுந்துவிடுகிறது. எழுதி முடித்ததும் 'ஹூம்' வந்த இடத்துக்குப் பின்னால் ஹிம், ஹெர், இட் ஏதாவது அதே ஆளைக் குறித்து நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அடித்துவிடுங்கள்.

கேள்வி: பொருளுக்கு 'ஹூஸ்' போடலாமா?
– வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: போடலாம். 'எ போட் ஹூஸ் இன்ஜின் ஃபெயில்டு' நல்ல ஆங்கிலம். 'எ போட் தி இன்ஜின் ஆஃப் விச் ஃபெயில்டு' என்பதும் சரிதான், ஆனால் அதைப் படிப்பதற்குள் படகு கரை சேர்ந்துவிடும் அளவுக்கு நீளம், முதலாவதையே எழுதுங்கள்.